முதல் குண்டு யாருடையது?

1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் மலைக்கோட்டையை வளைத்தபோது, உள்ளே திப்பு சுல்தானின் கில்லேதார் ஐதர் அப்பாஸ் இருந்தார். சரணடையச் சொல்லி வந்த தூதனிடம் அவர் வளைத்துப் பேசவில்லை. இப்படியொரு கோட்டையை விட்டுக்கொடுத்துவிட்டு எஜமானிடம் என்ன பதில் சொல்வது, இதே சேதியோடு இன்னொருவன் வந்தால் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். பீரங்கிகள் முழங்கின. 21-ஆம் தேதி மாலை சுவரேற முயன்ற கம்பெனிச் சிப்பாய்கள் அடிவாங்கித் திரும்பினார்கள். அவர்களிடம் குண்டும் மருந்தும் தீரும் நிலை. ஆனால் மறுநாள் காலை கோட்டை மேல் வெள்ளைக்கொடி ஏறியது.

அதற்கு முன்பும் கம்பெனி இந்தக் கோட்டையைப் பிடித்திருக்கிறது. 1767-இல் பிடித்து மறு வருடமே ஐதர் அலியிடம் இழந்தது. 1783-இல் மறுபடி பிடித்து, மங்களூர் உடன்படிக்கையின்படி 1784-இல் திருப்பிக் கொடுத்தது. 1790-இல் பிடித்ததைத் திருப்பித் தரவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை எழுத்து மூலமாகக் கம்பெனிக்குப் போனது.

நமக்கு வேண்டிய கேள்வி வேறு. அந்த ஆகஸ்டில் வெள்ளைக்காரப் படை எதற்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தது? திண்டுக்கல்காரன் எவனும் கம்பெனியை அடிக்கவில்லை. காரணம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கொடுங்கல்லூர் அருகே, ஒரு மண் மதிலின் மேல் நடந்த சண்டை. முதலில் சுட்டது யார் என்று இன்றும் தீராத சண்டை அது.

மதிலும் சட்டமும்

திருவிதாங்கூர் ராஜ்ஜியம் தன் வடக்கு எல்லையில் எழுப்பியிருந்த நெடுங்கோட்டை ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு பகுதி கொச்சி ராஜாவின் மண்ணில் கிடந்தது. கொச்சி எனக்குக் கப்பம் கட்டும் ராஜ்ஜியம், அங்கே உன் மதிலுக்கு என்ன வேலை என்று திப்பு கேட்டார். தகராறு புகைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, 1789 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா தர்மராஜா டச்சுக்காரர்களிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்ற 2 கோட்டைகளை விலைக்கு வாங்கினார். திப்பு கண் வைத்திருந்த கோட்டைகள் அவை. வாங்க வேண்டாம் என்று சென்னை கவர்னர் ஹாலண்டே எச்சரித்தும் வாங்கல் நடந்தது.

1789 டிசம்பர் 29 அதிகாலை திப்புவின் படை மதிலேறியது, அடிபட்டுத் திரும்பியது. அவரது பல்லக்கும் முத்திரைகளும் எதிரி கையில் சிக்கின. பிறகு சென்னைக்கு எழுதிய கடிதத்தில் திப்பு வேறு கதை சொன்னார். ஓடிப்போன ஆட்களைத் தேடிப் போன என் வீரர்கள் மீது திருவிதாங்கூர்க்காரர்கள்தான் முதலில் சுட்டார்கள், என் உத்தரவில்லாமல் கைகலப்பாகிவிட்டது என்றார். நம்புவது கடினம். பல்லக்கோடு சுல்தான் வந்து நின்ற இடத்தில் உத்தரவில்லாமல் எது நடக்கும்? 1790 ஏப்ரலில் அதே மதிலை அவர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்ததையும் பார்க்கிறோம். ஆகவே நெடுங்கோட்டைத் தாக்குதல் நாடகம் என்று சொல்ல நான் வரவில்லை. தாக்குதல் நிஜம். அதை வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்தது என்பதுதான் சங்கதி.

1784-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பிரதமர் பிட் பெயரால் வழங்கும் இந்தியச் சட்டம். இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் இங்கிலாந்து தேசத்தின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் விரோதம் என்று அது அறிவித்தது. லண்டன் உத்தரவில்லாமல் கவர்னர் ஜெனரல் எந்த இந்திய ராஜா மீதும் போர் தொடுக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு: எதிரி ஏற்கெனவே சண்டையைத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆயத்தம் செய்திருக்க வேண்டும், கம்பெனி மீதோ, அது காப்பதாக ஒப்புக்கொண்ட ராஜா மீதோ.

நல்ல சட்டம். ஆனால் அந்த விலக்கை மறுபடி படியுங்கள். போர் வேண்டும் என்பவனுக்கு அது ஒரே ஒரு வேலையைத்தான் மிச்சம் வைக்கிறது. எதிரி முதலில் அடித்தான் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அதற்காகக் காத்திருந்தாரா என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. நெடுங்கோட்டைச் சண்டைக்கு 6 மாதம் முன்பு, 1789 ஜூலை 7 அன்று, அவர் ஐதராபாத் நிஜாமுக்கு எழுதினார். கேட்டால் கம்பெனிப் படை அனுப்புவோம், ஆனால் எங்கள் நண்பர்கள் மீது அதை ஏவக் கூடாது என்றார். நண்பர்கள் யார் யார் என்று பட்டியலும் இருந்தது. அதில் மராட்டியர் உண்டு, ஆற்காட்டு நவாப் உண்டு, திருவிதாங்கூர் உண்டு. 5 வருடத்துக்கு முன்பு கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்ட மைசூர் இல்லை. பின்னாளில் பம்பாய் கவர்னராகவே இருந்த ஜான் மால்கம், நேரடியாகக் கூட்டணி போட்டிருந்தால்கூட திப்புவுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது என்ற பொருளில் இதை விமர்சித்திருக்கிறார். எதிரியின் பெயரை எழுதாமலே எதிரியைக் குறித்துவிட்ட கடிதம் அது.

டிசம்பரில் சட்டத்தின் விலக்கு திறந்துகொண்டது. 1790 ஜூனில் பூனா மராட்டியரோடு உடன்படிக்கை, ஜூலையில் நிஜாமோடு. ஜெனரல் மெடோஸ் திருச்சியிலிருந்து கிளம்பிக் கரூர் வழியாகக் கோயம்புத்தூரை அடைந்தார். அங்கிருந்து பாலக்காட்டுக்குப் போன ஸ்டூவர்ட்டை மழை தடுத்தது. திரும்பி வந்து திண்டுக்கல் பக்கம் இறங்கினார். மலைக்கு மேற்கே ஒரு மதிலில் வெடித்த குண்டுக்கு, கிழக்கே இருந்த பாறைக்கோட்டை விலை கொடுத்தது.

காக்கப்பட்ட திருவிதாங்கூரின் கதி இன்னும் வேடிக்கை. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய், போர் முடிந்ததும் ஆட்டிடமே செலவுக் கணக்கை நீட்டியது. போர்ச் செலவில் பெரும் பங்கைத் திருவிதாங்கூர் சுமக்க வேண்டியதாயிற்று. 1795-இல் கம்பெனிப் படைக்கு வருடா வருடம் பணம் கட்டும் உடன்படிக்கையிலும் அது கையெழுத்திட்டது. திண்டுக்கல்லுக்கோ, கோட்டை விழுந்த அடுத்த மாதமே அலெக்சாண்டர் மெக்லியோட் முதல் கலெக்டராக வந்து இறங்கினார்.

99 பேர் படை

ஒருமுறை பலித்த வழி மறுமுறையும் பலிக்கும். 1797-இல் ரிபோ என்ற பிரெஞ்சுக் கப்பல்காரன் மங்களூரில் ஒதுங்கினான். மொரீஷியஸில் பிரெஞ்சுப் படை பத்தாயிரம் பேர் உங்களுக்காகத் தயாராக நிற்கிறார்கள் என்று திப்புவிடம் அளந்தான். திப்பு தூதர்களை அனுப்பினார். அங்கே படையும் இல்லை, ஒன்றும் இல்லை. கவர்னர் மலார்திக் 1798 ஜனவரி 30 அன்று ஒரு பகிரங்க அறிக்கை விட்டார்: ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து விரட்டத் திப்பு உதவி கேட்கிறார், விருப்பமுள்ளவர்கள் சேரலாம்! ரகசியமாக வந்த தூதை ஊரறிய ஒட்டிவைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? கடைசியில் மங்களூரில் வந்து இறங்கியவர்கள் சுமார் 100 பேர். 99 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அறிக்கையின் நகல் ஜூனில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கைக்கு வந்தது. சட்டம் கேட்ட ஆயத்தம் இதோ என்றார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது; திப்பு வாசலிலேயே மாண்டார். அரண்மனையில் கிடைத்ததாகக் கம்பெனி அச்சிட்டு வெளியிட்ட காகிதங்களில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் ஜாக்கோபின் சங்கம் நடந்ததற்கான பதிவும் உண்டு. பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்தது. அந்தப் பதிவே ஜோடனையோ என்ற சந்தேகத்தை வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால் எழுப்பியிருக்கிறார்கள்.

திப்பு போன பிறகு பாளையக்காரர்கள் முறை. அதன் தொடக்கம் முந்தைய வருடமே நடந்தது. 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைச் சந்தித்தார். அதற்கு முன் பல ஊர்களுக்கு அலையவிட்டுத்தான் அந்தச் சந்திப்பையே கொடுத்தார். கைதுசெய்ய முயன்றபோது கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார். கம்பெனியே நியமித்த விசாரணைக் குழு, தப்பு ஜாக்சன் மேல்தான் என்று சொல்லிவிட்டது. ஜாக்சன் பதவி இழந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மறு வருடம் கம்பெனித் தளபதி பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. விசாரணை முடிவு ஒரு கோப்பில். படையெடுப்பு இன்னொரு கோப்பில்.

திண்டுக்கல் சமவெளியில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் விருப்பாச்சி கோபால நாயக்கர். வேலு நாச்சியார் 1772-இல் கணவரை இழந்து வந்தபோது அடைக்கலம் தந்தவர் அவர். அடுத்தது நாம்தான், தனித்தனியாக நின்றால் ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒவ்வொரு சாக்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டினார். திண்டுக்கல் கூட்டணி என்று வரலாறு சொல்வது அதைத்தான். 1800 ஜூனில் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைக் கிளர்ச்சிக்காரர்கள் தாக்கினார்கள். இந்த முறை முதலில் அடித்தவர்கள் நம்மவர்களே. அதை மறைக்க வேண்டியதில்லை. அது தோற்றது. 1801-இல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கோபாலசமுத்திரம் குளத்தின் பெயர் அவரால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

பாக்குக்காக ஒரு போர்

இதுவரை சொன்னவை கிடைத்த சாக்குகள். இனிச் சொல்வது தயாரித்த சாக்கு.

கண்டியை 1739 முதல் ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. சிங்கள ராஜாக்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்த வழக்கம், கடைசியில் அந்தப் பெண்களின் உறவினரையே சிம்மாசனத்தில் ஏற்றியது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பிள்ளைப்பெயர் கண்ணுசாமி. திண்டுக்கல் கோட்டையும் மதுரை நாயக்கர்கள் எழுப்பியதுதான். இந்தக் கட்டுரையில் கண்டி வருவதற்கு அந்த ஒரு நூலிழைச் சொந்தம் போதும் என்று நினைக்கிறேன்.

1798-இல் கண்ணுசாமியை அரசனாக்கியவர் முதல் அமைச்சர் பிலிமத்தலாவை. 18 வயதுப் பையன், சொன்னதைக் கேட்பான் என்று நினைத்தார். பையன் கேட்கவில்லை. அமைச்சர் அடுத்த வருடமே கொழும்பு கவர்னர் ஃபிரெடெரிக் நார்த்தோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார். அரசனை ஒழிக்க உதவுங்கள் என்றார். கொலைக்கு நார்த் உடன்படவில்லை. ஆனால் கண்டிக்குள் பிரிட்டிஷ் படையை வைக்கும் ஆசை அவருக்கு இருந்தது. காரணமில்லாமல் எப்படி நுழைவது?

1802-இல் காரணம் வந்தது. புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள், பிரிட்டிஷ் குடிகள், கண்டிச் சீமையில் கொட்டைப்பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறிக்கப்பட்டார்கள். பாக்கு பறிபோனது. செய்தவர்கள் கண்டி அரசாங்கத்து ஆட்கள். ஏவியது யார்? வரலாற்றாசிரியர்கள் பிலிமத்தலாவையின் கையைத்தான் அதில் காண்கிறார்கள். தன் அரசன் மேல் அந்நியன் படையெடுக்க வேண்டும் என்பதற்காகத் தன் ஆட்களை வைத்தே அந்நியனின் குடிகளைக் கொள்ளையடித்தது. நார்த் நஷ்டஈடு கேட்டார், கண்டி இழுத்தடித்தது, 1803 ஜனவரியில் படைகள் கிளம்பின. கொழும்பிலிருந்து ஒன்று, திருகோணமலையிலிருந்து ஒன்று.

எங்கள் பக்கம் வரப்புத் தகராறுகளில் ஒரு வித்தை உண்டு. தன் வேலியைத் தானே பிரித்துப் போட்டுவிட்டு, விடிவதற்குள் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வது. முந்திக்கொண்டு புகார் கொடுத்தவன் வாதி. பிலிமத்தலாவை ஒரு படி மேலே போனார். வேலி பறிகொடுத்தவனையும் பிரித்தவனையும் அவரே பொறுக்கினார்.

போர் அவர் நினைத்தபடி ஓடவில்லை. பிப்ரவரியில் படை கண்டிக்குள் நுழைந்தபோது ஊர் காலி. முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கரைப் பொம்மை ராஜாவாக்கினார்கள். காய்ச்சல் சிப்பாய்களைத் தின்றது. ஜூனில் கண்டிப் படை திரும்பி வந்தது. மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். சரணடைந்த சிப்பாய்களில் தப்பியவர்கள் மிகச் சிலர். பாக்குப் பறிகொடுத்த புத்தளத்துக்காரர்களை அதற்குள் எல்லோரும் மறந்திருந்தார்கள். சாக்குக்கு ஆயுள் அவ்வளவுதான்.

1814 கடைசியில் கண்டி அரசன் பிரிட்டிஷ் குடிகளான வியாபாரிகள் 10 பேரை ஒற்றர்கள் என்று பிடித்து உறுப்புகளை வெட்டினான். இது நாடகம் இல்லை, நிஜக் கொடுமை. ஆனால் உள்ளே ஒற்று வைத்து, தலைவர்களை ஒவ்வொருவராகப் பிரித்து, ஜான் டாய்லி வருடக்கணக்கில் நிலத்தை உழுது வைத்திருந்தார். 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி ராஜ்ஜியம் முடிந்தது. அரசன் வேலூர்க் கோட்டைக்கு வந்து 1832-இல் அங்கேயே கண்ணை மூடினான்.

சட்டம் இறுக இறுக

சாக்குத் தயாரிக்கும் இந்தத் தொழில் இருபதாம் நூற்றாண்டில் ஏன் இவ்வளவு செழித்தது? கொடுங்கோலர்கள் பெருகியதால் என்பது சுலபமான பதில். எனக்குப் படுவது வேறு: போருக்கு எதிரான சட்டங்கள் பெருகியதால். 1928-இல் பாரிஸில் பல நாடுகள் கூடி, போரைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டன. ஜப்பானும் ஜெர்மனியும் முதல் நாளே போட்டவர்கள். அன்றிலிருந்து எவனும் எடுத்த எடுப்பில் படையெடுக்க முடியாது. முதல் குண்டு எதிரியுடையதாக இருந்தாக வேண்டும். பிட் சட்டம் கல்கத்தாவுக்கு வைத்த விலக்கு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

1931 செப்டம்பர் 18 இரவு மஞ்சூரியாவில் முக்டென் நகருக்கு அருகே, தங்கள் நாட்டின் பொறுப்பில் இருந்த ரயில் பாதையில் ஜப்பானிய அதிகாரிகளே வெடி வைத்தார்கள். வெடி எவ்வளவு சின்னது என்றால், சற்று நேரத்தில் ஒரு ரயில் அந்த இடத்தைத் தடம் புரளாமல் கடந்து போனது. ஆனால் சீனர்களின் நாசவேலை என்று சொல்லிப் படை இறங்க அது போதும். சர்வதேச சங்கத்தின் லிட்டன் குழு, இது தற்காப்பு ஆகாது என்றது. ஜப்பான் 1933-இல் சங்கத்தை விட்டே வெளியேறியது.

1939 ஆகஸ்ட் 31 இரவு ஜெர்மன் எல்லையூரான கிளைவிட்ஸில் ஒரு வானொலி நிலையத்துக்குள் ஆல்ஃபிரட் நாவ்யோக்ஸ் என்ற நாஜி அதிகாரியும் சிலரும் புகுந்தார்கள். போலந்துக்காரர்கள்போல் போலந்து மொழியில் சில வார்த்தைகள் ஒலிபரப்பினார்கள். சாட்சிக்குப் பிணம் வேண்டுமே. போலந்துப் பற்றுள்ள ஃபிரான்சிஷெக் ஹோனியோக் என்ற மனிதரை முதல் நாளே பிடித்து வைத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாள் போலந்துக்குள் படை புகுந்தது. இந்தக் கூட்டத்தில் என்னை அதிகம் உறுத்துவது ஹோனியோக்தான். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரைபோல, ஒரு மனிதனை ஆவணமாக்கிவிட்டார்கள்.

அதே வருடம் நவம்பர் 26 அன்று தன் எல்லைக் கிராமமான மைனிலாவில் குண்டு விழுந்து 4 வீரர்கள் இறந்ததாகச் சோவியத் யூனியன் சொன்னது. பின்லாந்தோடு 1932-இல் போட்ட ஆக்கிரமிப்பில்லா ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 4 நாளில் போர். ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்காவிட்டால் மைனிலாவுக்குத் தேவையே இருந்திருக்காது.

ஜனநாயகங்கள் மட்டும் சுத்தமா? 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் வியட்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பலைத் தாக்கியது உண்மை. 4-ஆம் தேதி இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அது நடக்கவே இல்லை. 7-ஆம் தேதி அமெரிக்க காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. இரண்டாவது தாக்குதல் இல்லை என்று அந்நாட்டு உளவு நிறுவனத்தின் சொந்த வரலாற்றாய்வாளர் எழுதியது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2005-இல். 1962-இல் அமெரிக்கத் தளபதிகள் கியூபா மீது பழிபோடத் தங்கள் நாட்டிலேயே போலித் தாக்குதல்கள் நடத்தும் திட்டம் ஒன்றை எழுதி நீட்டினார்கள். கென்னடி அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் காகிதம் வெளிவந்ததும் 1990-களில்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி எந்தத் தாக்குதல் நடந்தாலும் நாடகம் என்று சொல்லக் கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலையே நாடகம் என்றவர்கள் உண்டு. ஒருவன் உயிரோடு பிடிபட்டு, நீதிமன்றத்தில் நின்று, மேல்முறையீடுகளும் முடிந்த வழக்கு அது. பிணத்தை எடுத்து வைத்து அழும் வீட்டுக்குள் நுழைந்து இது செட்டப் என்று சொல்வதும் ஒருவகை வன்முறைதான். கையில் செல்போன் இருக்கும் எவரும் இன்று 5 நிமிடத்தில் அதைச் செய்துவிடலாம். குற்றம் செய்தவனுக்கு இதைவிட வசதியான துணை கிடையாது.

சந்தேகப்பட ஒரு முறை வேண்டும். நான் பார்த்தவரை, சம்பவம் நடந்தது நிஜமா பொய்யா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உடனே அதற்குப் பதில் கிடைக்காது. முதலில் பார்க்க வேண்டியது, சம்பவத்துக்கு முன்பே படை எங்கே நின்றது, உடன்படிக்கைகள் யாரோடு பேசப்பட்டன என்பதை. கார்ன்வாலிஸின் ஜூலைக் கடிதம் டிசம்பர் குண்டைவிட அதிகம் பேசுகிறது. அடுத்து, சம்பவத்துக்கும் பதிலடிக்கும் நடுவே விசாரணைக்கு எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பதை. கிளைவிட்ஸில் ஒரு ராத்திரி. டோங்கினில் காங்கிரஸ் தீர்மானத்துக்கு 3 நாள். கட்டபொம்மனுக்கு விசாரணையே நடந்து, நிரபராதி என்று தீர்ப்பும் வந்தது, யாரும் படிக்கவில்லை. கடைசியாக, பலன் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதை. திருவிதாங்கூருக்காக நடந்த போரில் திண்டுக்கல் யாருக்குப் போனது என்று பார்த்தோம்.

இந்தக் கதைகள் எல்லாம் நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் காகிதங்கள். நாவ்யோக்ஸ் 1945-இல் நியூரம்பெர்க் வழக்குக்காக எழுதிக் கொடுத்த வாக்குமூலம், கம்பெனியின் கடிதக் கட்டுகள், வாஷிங்டனின் திறந்த கோப்புகள். நம் நாட்டில் 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. போர்ப் பதிவுகளை வழக்கமாக 25 வருடத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுப்பது என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை அறிவித்தது. அந்தக் கணக்குப்படி 1965-ம் 1971-ம் எப்போதோ திறந்திருக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரயில்வே மேம்பாலத்தைக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேளுங்கள்.